சூடு ஆறாத அட்டை

என் மகள் தெரபி டீச்சரிடம் கேட்கிறாள், என்னிடம் கேட்பதில்லை. பிரச்சினை இவ்வளவுதான். இதை யாரிடம் சொன்னாலும், "கேட்டா நல்லதுதானே, யார்கிட்ட கேட்டா என்ன?" என்று பெரிய மனது பண்ணிச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுடைய பிள்ளைகள் காலையில் கண் திறந்ததிலிருந்து அம்மா, அம்மா என்று முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவை. பெரிய மனது அவர்களுக்கு வரும். எனக்கு வரவில்லை.

முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் கடையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின். ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. அடையாள அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் கோணாமல் வர வேண்டுமென்றால் எங்கள் கடைக்குத்தான் வர வேண்டும் என்று என் கணவர் சொல்லிக்கொள்வார். அவர் சொல்வது உண்மைதான். அந்த மனிதருக்கு ஒரு தாள் அரை நூல் கோணலாக வந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மகளுக்கு நாலு வயது. கடையில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். என் மாமனார் வைத்தது. தினமும் கடைக்குள் வருவாள், மெஷின் மெஷினாக நின்று பார்ப்பாள், யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், திரும்பிப் போய்விடுவாள். "நான் வேலை பார்த்த இடத்துலயும் மேனேஜர் இப்படித்தான்மா. என்ன நினைக்கிறார்னே தெரியாது" என்றார் மாமனார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன அன்று என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள்ல சரியாகும் சார்?" என்பது. கடையில் வாடிக்கையாளர்கள் அவரைக் கேட்கும் கேள்வி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரியாகறதுக்கு இது காய்ச்சல் இல்லைங்க. அவ பார்க்கிறது, கேக்கிறது, புரிஞ்சுக்கறது எல்லாம் வேற மாதிரி. அந்த மாதிரிக்கு ஏத்தாப்ல நாமதான் சொல்லிக்கொடுக்கக் கத்துக்கணும்" என்றார். வெளியே வந்ததும் மாமனார், "எங்க குடும்பத்துல எல்லாருமே லேட்டாதான் பேசினோம். நானே அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தேன்" என்றார். திறந்த வாயை அதற்குப் பிறகு அவர் மூடவே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. மரியாதை.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். காப்பீடு விற்கிறவர். உட்கார வைத்துப் பேசினால் யாருக்கும் எதையும் புரியவைத்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. முதல் வாரம் முழுக்க மேனேஜரை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "அத்தை சொல்லு, அத்தை சொல்லு" என்று பாலிசி விற்கிற மாதிரியே பேசிப் பார்த்தார். மேனேஜர் அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். பிறகு நாத்தனார் என் பக்கம் திரும்பினார். கர்ப்பமாக இருந்தபோது நான் செல்போன் பார்த்தேனா, மெஷின் பக்கத்தில் நின்றேனா, குழந்தையிடம் போதுமான அளவு பேசினேனா. எந்தக் கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தாலும் அது என்னிடம்தான் வந்து முடிந்தது. இதற்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லை, தாய் செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். இந்த வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. யோசித்துப் பாருங்கள், கிடையாது.

சரி, தெரபி சென்டருக்கு வருகிறேன்.

அங்கே இருக்கும் டீச்சருக்கு என்னைவிடச் சின்ன வயது. முதல் நாளே எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். "பேச வைக்கறதுக்கு முன்னாடி கேக்க வைக்கணும். வாயாலதான் கேக்கணும்னு இல்லை. ஒரு படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்டாலும் கேட்டதுதான். கேட்டா கிடைக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா, இந்தக் கத்தறது, கையைக் கடிக்கறது எல்லாம் அவளுக்கே தேவைப்படாது." அவள் முன்னும் பின்னுமாக ஆடுவதைப் பற்றிக் கேட்டேன். "ஆடட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் பிற்பாடு எரிச்சலுக்கும் காரணம்.

மேனேஜருக்குச் சோப்பு நுரைக் குமிழி என்றால் உயிர். டீச்சர் ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் பேனாவால் நாலு வட்டம் போட்டார். அதுதான் குமிழி கார்டு. அந்தக் கார்டை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தால் டீச்சர் குமிழி ஊதுவார். ஆரம்பத்தில் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வைத்தார். இரண்டாவது வாரம் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறேன், மேனேஜர் தானாக எழுந்து போய், அட்டையை எடுத்து, பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற அலட்சியத்தோடு டீச்சர் கையில் வைத்துவிட்டு நின்றாள். குமிழி வந்தது. குதித்தாள்.

நான் சன்னலுக்கு வெளியே அழுதேன். பக்கத்தில் நின்ற இன்னொரு பையனின் அப்பா, "வீட்ல செய்யறாளா?" என்று கேட்டார். "இனிமேதான்" என்றேன். "அதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தன் பையனின் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

டீச்சர் அந்த அட்டையைப் போலவே ஒன்று செய்து எங்களிடம் கொடுத்தார். வீட்டில் பழக்குங்கள் என்றார். என் கணவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை கண்டவர் மாதிரி முகம் போயிற்று.

"இதைக் கொடுத்தா எந்தக் குழந்தை மதிக்கும்?" என்றார் வீட்டுக்கு வந்ததும். "ஓரமெல்லாம் பிசிறு. வட்டம்கூட வட்டமா இல்லை. நம்மகிட்ட மெஷின் இருக்கு, என் பொண்ணுக்கு இதுவா?"

அன்று சாயங்காலம் கடையை அரை மணி நேரம் முன்னாலேயே மூடினார். குமிழி, தண்ணீர், பிஸ்கட், பந்து, ஊஞ்சல் என்று ஒவ்வொன்றுக்கும் கலர் பிரிண்ட் எடுத்தார். கடையில் இருப்பதிலேயே தடிமனான உறையில் வைத்து லேமினேஷன் போட்டார். மூலைகளை உருட்டி வெட்டினார், குழந்தைக்குக் குத்தக்கூடாதே. மேனேஜர் பக்கத்திலேயே நின்றாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்ததும் உறை உள்ளே போய் அந்தப் பக்கம் பளபளவென்று வெளியே வரும். வந்த சூட்டோடு அதை எடுத்து அவள் கன்னத்தில் வைத்தார். "சூடு பாரு, சூடு!" அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். இன்னொன்று வந்தது. அதையும் வைத்தார். மறுபடி சிரித்தாள்.

"பார்த்தியா, புரிஞ்சுக்கிட்டா" என்றார் என்னிடம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு முழுக்க கார்டு. குளிர்பெட்டியில் தண்ணீர் கார்டு, அலமாரியில் பிஸ்கட் கார்டு, அவளுக்கு எட்டும் உயரத்தில் எல்லாம். நாத்தனார்கூட, "தம்பி பண்ணா நீட்டா பண்ணுவான்" என்று சொல்லித் தன் விசிட்டிங் கார்டையும் லேமினேஷன் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பழக்க ஆரம்பித்தோம். நான் குமிழிப் புட்டியோடு எதிரில் உட்கார்ந்தேன். மேனேஜர் கையில் கார்டு. என் கணவர் பின்னால். மாமனார் நாற்காலியில், மேற்பார்வை.

நான் புட்டியைக் காட்டினேன். கையை நீட்டினேன். அவள் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட குடு" என்று என் கணவர் அவள் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். விரலைப் பிரிக்க முடியவில்லை. நான் கார்டின் ஓரத்தைப் பிடித்தேன். அவள் வீல் என்று கத்தி, தன் மணிக்கட்டைக் கடித்தாள்.

"பலமா இழும்மா" என்றார் மாமனார்.

"மாமா, கயிறு இழுக்கிற போட்டியா இது?"

"இல்லை, பின்னே எப்படிக் கொடுப்பா?"

அன்றைக்கு மட்டுமல்ல. மறுநாளும் இப்படித்தான். அதற்கடுத்த நாளும். குமிழிக்குக் கொடுக்கவில்லை, பிஸ்கட்டுக்குக் கொடுக்கவில்லை, தாகம் எடுத்தால் குளியலறைக் குழாயைத் தானே திறந்து குடித்தாளே ஒழிய தண்ணீர் கார்டைக் கொடுக்கவில்லை. சென்டருக்குப் போனால் டீச்சரிடம் அந்தப் பிசிறு அட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் குமிழிக்குக் குதிக்கிறாள். வாசற்படி தாண்டி வெளியே வந்தால் நான் யாரோ.

"டீச்சர்மேல இருக்கிற பயம் உன்மேல இல்லை" என்றார் நாத்தனார்.

"டீச்சர்மேல அவளுக்குப் பயமே இல்லை அண்ணி. அவங்க தலைமேல ஏறி உட்கார்ந்திருக்கா."

"அப்ப பாசம் போல" என்றார். வேண்டுமென்றே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் விடவில்லை. "எனக்கு ஒண்ணு தோணுது, தப்பா எடுத்துக்காதே. பிஸ்கட்டைக் காட்டி, கொடுத்தாதான் தருவேன்னு... நாய்க்குப் பழக்கற மாதிரி இல்லையா இது?"

எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. "அண்ணி, போன வருஷம் நிறைய பாலிசி பிடிச்சீங்கன்னு உங்க ஆபீஸ்ல கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் மூணு நாள் தங்க வச்சாங்களே, அது என்ன?"

"அது இன்சென்டிவ்."

"இதுவும் இன்சென்டிவ்தான்."

மாமனார் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

வாய்க்கு வாய் பதில் சொல்லிவிட்டேன், உண்மைதான். ஆனால் அன்று மத்தியானம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நிற்கும்போது மனசுக்குள் ஓடியது நாத்தனாரின் கேள்விதான், என் பதில் அல்ல. என் மகள் என்னிடம் எதையும் கேட்க விரும்பவில்லையோ? யோசனையில் தாளின் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டிய ஒரு காலேஜ் பையனின் மொத்த ரெக்கார்டையும் ஒரே பக்கமாகப் போட்டுத் தள்ளிவிட்டேன். என் கணவர் அத்தனையையும் தானே மறுபடி எடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சென்டருக்குப் போன் போட்டு, "டீச்சர், வீட்டுக்கு வந்து பாருங்க. எங்ககிட்ட ஏதோ தப்பு இருக்கு" என்றேன்.

டீச்சர் வந்தார். கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் பண்ணலை. நீங்க எப்பவும் பண்ற மாதிரி பண்ணுங்க" என்றார். பண்ணினோம். கார்டு மார்பில், விரல் இறுக்கம், வீல், கடி. டீச்சர் குறுக்கே கைநீட்டி எங்களை நிறுத்தினார். "போதும், இழுக்காதீங்க. நான் ஒரு தடவை பார்க்கறேன்."

டீச்சர் குமிழிப் புட்டியை வாங்கி எதிரில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். மேனேஜர் டீச்சரைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள், லேமினேஷன் கார்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சருக்கும் கொடுக்கவில்லை!

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்ல முடியாது. பெற்ற பெண் பாடம் செய்யாததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். "பார்த்தீங்களா டீச்சர்?" என்று குரல் உயர்ந்துவிட்டது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன பரீட்சை" என்றார். பாய்மேல் குமிழிப் புட்டியையும் அதன் பக்கத்தில் ஒரு லேமினேஷன் கார்டையும் வைத்தார். மேனேஜர் கார்டை எடுத்தாள். அதை வாங்காமல் விட்டுவிட்டு, பிஸ்கட்டையும் இன்னொரு கார்டையும் வைத்தார். கார்டை எடுத்தாள். பிறகு தன் செல்போனில் அவளுக்குப் பிடித்த ரயில் வீடியோவை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு கார்டை வைத்தார். மேனேஜர் போனைத் தொட்டாள். யோசித்தாள். கார்டை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். "சென்டர்ல முதல் வாரமே இப்படி ரெண்டு ரெண்டு பொருளா வச்சு அவளுக்கு எது ரொம்பப் பிடிக்கும்னு பார்த்தோம். கார்டையே ஒரு பொருளா வச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணலை. அம்மா, அவளுக்கு இந்த வீட்லயே ரொம்பப் பிடிச்சது இந்தக் கார்டுதான். பளபளன்னு, வழவழன்னு, சூடா வேற வந்திருக்கு. அதைக் கொடுத்துட்டு ஒரு குமிழியை வாங்கிக்கோன்னு நாம சொல்லிட்டிருக்கோம். உங்க தங்க வளையலைக் கழட்டிக் கொடுத்தா நான் வேர்க்கடலை தரேன்னா கொடுப்பீங்களா?"

என் கணவர் கதவோரம் நின்றிருந்தார்.

"அப்ப தப்பு என் கார்டுலயா?"

"ரொம்ப நல்லா பண்ணிட்டீங்கண்ணா."

"குவாலிட்டி கூடிப்போனதா தப்பு?"

"ஆமாங்கண்ணா."

அவர் கடைக்குள் போய்விட்டார். உள்ளே இருந்து தாள் வெட்டும் கில்லட்டின் ஒரு தடவை ஓங்கி விழும் சத்தம் கேட்டது. எதை வெட்டினாரோ.

"தம்பிக்கு முகம் வாடிப்போச்சு" என்றார் மாமனார். "சின்ன வயசுலயும் இவன் செஞ்ச காத்தாடி பறக்காது. அவ்வளவு அழகா இருக்கும்."

டீச்சர் வழி சொன்னார். கேட்பதற்கு ஒரு மட்டமான அட்டை, கிடைப்பதற்கு லேமினேஷன். மட்டமான அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் மெஷினில் ஒரு சின்னத் துண்டு போட்டுச் சூடாகக் கையில் கொடுக்க வேண்டும். உடனே கொடுக்க வேண்டும், இதோ வரேன் இரு என்கிற பேச்சே கூடாது. டோனர் வந்த பழுப்புப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்தோம். "ஓரத்தையாவது நேராக்கிக்கறேன்" என்று என் கணவர் கேட்டார். டீச்சர் விடவில்லை. எங்கள் கடையிலிருந்து வெளிவந்ததிலேயே அசிங்கமான பொருள் அதுதான்.

மேனேஜர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பழுப்பு அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள், வரிசையில் நின்ற ஆட்களை விலக்கினாள், அப்பா கையில் கொடுத்தாள். அவர் கையிலிருந்த பைண்டிங்கை அப்படியே போட்டுவிட்டு உறையை மெஷினுக்குள் விட்டார். சூடாக வந்ததை அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற ஒருவர், "இங்க நாங்க எவ்வளவு நேரமா நிக்கிறோம்?" என்றார். "அவங்க மேனேஜர் சார்" என்றார் என் கணவர். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்து மாமனாரிடம் கேட்டாள். அவர் மெஷினைப் போட்டுக்கொடுத்தது மட்டுமில்லாமல் போகிற வருகிற எல்லோரிடமும் சொன்னார். அதற்கடுத்து, நம்பமாட்டீர்கள், நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனாருக்கு மெஷினை எந்தப் பக்கம் தொடுவது என்றே தெரியாது. கையைச் சுட்டுக்கொண்டு போட்டுக் கொடுத்தார். "எங்கிட்ட கேட்டா! அத்தைகிட்ட கேட்டா!" என்று எனக்கே போன் போட்டுச் சொன்னார். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

என்னிடம் கேட்கவில்லை.

மத்தியானம் கடையில் மெஷின் பக்கத்தில் உட்காருவது நான்தான். என் கணவர் சாப்பிட்டுப் படுப்பார். அந்த நேரத்தில் பழுப்பு அட்டையோடு வருவாள், என்னைப் பார்ப்பாள், பஸ் நிலையத்துத் தூணைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், தூங்குகிற அப்பா கையில் அட்டையை வைப்பாள். அவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருவார். நான் மெஷினை ஒட்டி உட்கார்ந்திருப்பேன், கை எட்டும் தூரம்.

நாலாவது நாள் என்னால் முடியவில்லை. "நான் என்னங்க பண்ணினேன் அவளுக்கு? உங்க அக்காகிட்ட கேக்கறா! உங்க அக்காகிட்ட!"

"கத்தாதே, ஆள் இருக்கு."

"இருக்கட்டும். சாப்பாடு நான், குளிப்பாட்டறது நான், சென்டருக்கு அலையறது நான். என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கக்கூடாதா?"

அவர் கணக்குப் போட உட்காருகிறவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். "உன்கிட்ட அவ எதுக்குக் கேக்கணும்? கேக்கறதுக்கு முன்னாடியே நீதான் எல்லாத்தையும் நீட்டிடறியே. அவளுக்கு மட்டுமா, எல்லாருக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் எதையோ தடவினார்.

நான் அவருடைய மூக்குக் கண்ணாடியை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கிப் போட்டுக்கொண்டார். இருபது வருஷம் சண்டை போட்டாலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னை ஜெயித்திருக்க முடியாது.

மறுநாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டேன். பாதியாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை, செய்தால் வீடு முழுவதற்கும் செய்வேன். காலையில் மாமனார் முன்னால் டீ வரவில்லை. அவர் இருமினார். பிறகு செய்தித்தாளைச் சத்தமாக மடித்தார்.

"என்ன வேணும் மாமா?"

"தெரியாதா உனக்கு?"

"கேளுங்க."

"ஆட்டிசம் அவளுக்கா எனக்கா?" என்றார். ஆனால் கேட்டார். என் கணவர் துண்டு கேட்டார், சாவி கேட்டார், சட்டை எங்கே என்று கேட்டார். எல்லோரும் கேட்டார்கள், மேனேஜரைத் தவிர. அவள் தண்ணீருக்கு முக்காலி போட்டு ஏறினாள். தட்டைத் தானே இழுத்துக்கொண்டாள். கதவின் கொண்டியை ஸ்பூனால் தட்டித் தட்டித் திறந்தாள். நான் கையைக் கட்டியதில் அவள் கற்றுக்கொண்டது, அம்மா இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டீச்சருக்குப் போன் போட்டேன்.

"சும்மா கையைக் கட்டிட்டு நின்னா, நீங்க உதவ மாட்டீங்கன்னுதான் அவ நினைப்பா அம்மா. வேடிக்கை பார்க்கறவங்ககிட்ட யார் கேப்பா? கை அவளுக்கு எட்டணும், திறந்திருக்கணும். ஆனா அதுவா போய்ச் செய்யக்கூடாது. அழறது உச்சத்துக்குப் போறப்போ ஓடிப்போய்ச் செஞ்சுட்டீங்கன்னா, உச்சத்துக்குக் கத்தினாதான் கிடைக்கும்னு ஆயிடும். ரொம்ப நேரம் தவிக்கவும் விடாதீங்க. லேசா கையைப் பிடிச்சு வழிகாட்டுங்க."

போனை வைத்தபோது எனக்குக் கோபம். எட்டணும், செய்யக்கூடாது, தவிக்கவிடாதே, ஓடாதே. சர்க்கஸில் கம்பிமேல் நடப்பவளுக்குக்கூட இவ்வளவு விதி இருக்காது.

வியாழக்கிழமை காலை சென்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஸ்கூட்டரில் கொண்டுபோய்விட நாத்தனார் வாசலில் வந்து நின்றார். மேனேஜர் தரையில் உட்கார்ந்து காலுறை போட ஆரம்பித்தாள். அவளுக்குக் காலுறையின் விரல்பக்கத்துத் தையல் ஆகாது. முள்ளாகக் குத்துகிறதுபோல. அதனால் உள்புறத்தை வெளியே திருப்பித்தான் போட வேண்டும். தினமும் அவள் எழுவதற்கு முன்பே திருப்பி வைத்துவிடுவேன். அன்று திருப்பவில்லை.

ஒன்றைக் காலில் மாட்டினாள். உடனே கத்தி உருவி எறிந்தாள். எடுத்தாள், மறுபடி மாட்டினாள், மறுபடி எறிந்தாள். நான் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் திறந்து அவள் முழங்கால் பக்கத்தில் வைத்தேன்.

"திருப்பிக் கொடுத்துடும்மா, ஒரு நிமிஷ வேலை" என்றார் மாமனார்.

"மாமா, பேசாம இருங்க."

"குழந்தை அழுதுடி!" வாசலிலிருந்து நாத்தனார்.

"தெரியுது அண்ணி. காது இருக்கு."

என் கணவர் கடைக் கதவுவரை வந்து நின்றார். அழுகை ஏறிக்கொண்டே போனது. என் கை தானாக எழுந்தது, இன்னொரு கையால் அதைப் பிடித்துக் கீழே அமுக்கினேன். அவள் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். போதும், வழிகாட்டிவிடலாம் என்று அவள் முழங்கைப் பக்கம் நகர்ந்தேன்.

நான் தொடவில்லை. அதற்குள் என் உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. காலுறை. எறிந்தது இல்லை, வைத்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தாள்.

"திருப்பணுமா? அம்மா திருப்பித் தரேன்" என்றேன். திருப்பினேன். மாட்டிவிட்டேன். அழுகை நின்றது.

கதவோரத்தில் என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் ஏதோ சொல்லப்போனார், என் கணவர் அவர் கையை அமுக்கி நிறுத்தினார்.

இரண்டாவது காலுறையை எடுத்து என் கையில் வைத்தாள். விரல்களை மடக்கினாள். திருப்பினேன், மாட்டினேன்.

எழுந்திருப்பாள் என்று பார்த்தேன். முதல் காலுறையைக் கழற்றினாள். அதைத் தானே தையல் உள்ளே போகும்படி திருப்பினாள், நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. என் கையில் வைத்தாள். மூடினாள். காத்திருந்தாள்.

"ஏன், நீயேதான் திருப்பத் தெரிஞ்சவளா இருக்கியே!" என்றேன்.

அவளுக்கு அது விஷயமில்லை. உடனே கொடுக்க வேண்டும் என்பது விதி. திருப்பினேன். மாட்டினேன். அடுத்ததைக் கழற்றினாள்.

"நேரமாச்சு!" ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. "இன்னும் என்னம்மா பண்றே உள்ளே?"

"டீச்சருக்குப் போன் போட்டு லேட்டாகும்னு சொல்லிடுங்க அண்ணி."

"எவ்வளவு லேட்டாகும்னு சொல்ல?"

எனக்கு எப்படித் தெரியும்? கேட்கிறவள் அவள். மறுபடியும் காலுறை உள்ளங்கையில் வந்து விழுந்தது. முட்டி வலித்தது, அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது, கடையில் யாரோ "ஆள் இல்லையா?" என்று கூப்பிட்டார்கள். "தெய்வமே, எத்தனை தடவைடி?" என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன்.